பேப்பரில் சரி, பேச்சில் தப்பு: ஆங்கிலம் பேசத் தொடங்குபவர்களுக்கு

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் வாரத்துக்கு மூன்று நாள், சாயங்காலம் ஆறரைக்கு மேல் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். ஆங்கிலத்தில் பேசிப் பழகத்தான். மணலி பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கும் அண்ணன், எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடையில் நிற்கும் தங்கை, நர்சிங் முடித்துவிட்டு இன்டர்வியூவுக்குத் தயாராகும் பெண், காலேஜ் பையன்கள் சிலர். இவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு கிராமர் தெரியும். 'டிட் நாட்' என்று வந்தால் அடுத்து 'கோ'வா, 'வென்ட்'டா என்று பேப்பரில் கேட்டால் 'கோ' என்று சரியாக டிக் அடிப்பார்கள். பேப்பரை மூடி வைத்துவிட்டு "நேத்து ஏன் வரலை?" என்பதை ஆங்கிலத்தில் கேட்டுப் பாருங்கள். "யெஸ்டர்டே ஐ டிட் நாட் கேம்" என்றுதான் பதில் வரும்.

இந்த இடைவெளியை எப்படிக் குறைப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கிராமர் புத்தகத்தை மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து படிப்பதால் இது குறையாது. பத்து வருஷம் பள்ளிக்கூடத்தில் படித்தும் குறையவில்லையே.

எழுதும்போது நேரம் இருக்கிறது. விதியை நினைத்துப் பார்த்து, வார்த்தையைத் தேர்ந்தெடுத்து, அடித்துத் திருத்தலாம். பேச்சில் அந்த நேரம் கிடையாது. படித்த விதியைப் பயன்படுத்த ஒருவருக்கு நேரம் வேண்டும், சொல்லும் விஷயத்தை விட்டுவிட்டுச் சொல்லும் விதத்தில் கவனமும் வேண்டும் என்று மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் சொல்லியிருக்கிறார். பஸ் ஸ்டாப்பிலும் கடை கவுன்டரிலும் இந்த இரண்டுமே கிடைக்காது. விதி நினைவுக்கு வருவதற்குள் தமிழ் முந்திக்கொண்டு அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது.

அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. திருவொற்றியூர் ஹைரோட்டில் காலடிப்பேட்டை இருக்கிறதே, அதன் பெயர் எங்கிருந்து வந்தது? 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களுக்காக உண்டாக்கிய பேட்டை அது. காலெட் பேட்டை நம் வாயில் காலடிப்பேட்டை ஆனது. வெளியிலிருந்து வந்ததைத் தனக்குப் பழக்கமான வடிவத்துக்குள் வைத்துக்கொள்வது நாக்கின் இயல்பு. ஆங்கில வாக்கியத்தையும் அது அப்படித்தான் செய்கிறது. எந்தத் தமிழ் வடிவம் உள்ளே நுழைகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் படி: உங்கள் பேச்சை நீங்களே கேளுங்கள்

போனில் ரெக்கார்டரை ஆன் செய்யுங்கள். நேற்று காலையிலிருந்து ராத்திரி வரை என்ன நடந்தது என்று இரண்டு நிமிஷம் ஆங்கிலத்தில் பேசுங்கள். முன்கூட்டி எழுதி வைத்துப் படிக்கக் கூடாது. திக்கினாலும் நிறுத்தாதீர்கள். அப்புறம் அதைப் போட்டுக் கேட்டு, ஒரு நோட்டில் வார்த்தைக்கு வார்த்தை எழுதுங்கள். எழுதும்போது கை தானாகவே திருத்தப் பார்க்கும். விடாதீர்கள், வாயில் வந்தது வந்தபடியே இருக்கட்டும்.

காசிமேட்டிலிருந்து வரும் ஒரு தம்பி, காலேஜ் இரண்டாம் வருஷம். அவன் நோட்டில் முதல் நாள் எழுதியது இது:

"யெஸ்டர்டே ஐ கெட் அப் லேட். மை ஃபாதர் இஸ் ஹேவிங் ஒன் ஃபைபர் போட். டெய்லி ஹி கோ ஏர்லி மார்னிங். ஐ டிட் நாட் வென்ட் வித் ஹிம். ஃபிஷ் ப்ரைஸ் வெரி ஹை. ஹி இஸ் டூயிங் திஸ் வொர்க் சின்ஸ் ட்வென்டி இயர்ஸ்."

ஆறு வாக்கியம். ஆறிலும் தப்பு. நோட்டைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கிவிட்டது. "இதுல எனக்குப் புரியாதது ஏதாவது இருக்கா, நீயே சொல்லு" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். அப்பா, படகு, விலை, இருபது வருஷ உழைப்பு எல்லாம் அந்த ஆறு வரியில் இருக்கிறது. பேசத் தெரியாதவன் பேச்சு என்று அதைச் சொல்ல முடியாது. தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் சொன்னவன் பேச்சு.

இரண்டாம் படி: ஒவ்வொரு தப்புக்கும் பின்னால் இருக்கும் தமிழைத் தேடுங்கள்

'டிட் நாட் வென்ட்' முதலில். 'போகவில்லை' என்பதைப் பிரித்துப் பாருங்கள்: போக, இல்லை. இதில் 'போக' என்ற பகுதியில் காலமே இல்லை. நேற்றும் போகவில்லை, இன்றும் போகவில்லை, 'போக' மாறுவதில்லை. 'நேத்து போன இல்லை' என்று நம் வீட்டில் யாரும் சொல்வதில்லை. அந்த 'போக'தான் ஆங்கிலத்தில் 'கோ'. கடந்த காலத்தை 'டிட்' சொல்லி முடித்துவிட்டது. இதை ஒருமுறை பிடித்துக்கொண்டால் 'ஐ டிட் நாட் கோ' இயல்பாக வரும்.

கேள்வியில்தான் தமிழ் காலை வாருகிறது. 'போனியா?' என்று கேட்கும்போது காலம் வினைக்குள்ளேயே இருக்கிறது. அதனால் 'டிட் யூ வென்ட்?' என்று வந்துவிடுகிறது. 'போனியா'வில் இருக்கும் கடந்த காலத்தை எடுத்து 'டிட்'டிடம் கொடுத்துவிடுங்கள். மிச்சம் 'கோ'. 'டிட் யூ கோ?'

அடுத்தது 'இஸ் ஹேவிங்'. 'எங்கப்பா ஒரு போட் வச்சிருக்காரு' என்பதில் 'இருக்காரு' ஒட்டியிருப்பதால் அது நடந்துகொண்டிருக்கும் வேலை மாதிரி காதில் படுகிறது. 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் வான்டிங்' எல்லாம் இந்தக் குடும்பம்தான். இதற்கு நான் சொல்லிக்கொடுக்கும் சோதனை சுலபமானது. தமிழில் அந்த வினையோடு '-கிட்டு இருக்கு' சேர்த்துப் பாருங்கள். 'சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்' சரியாக இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஈட்டிங்' போடலாம். 'எனக்குத் தெரிஞ்சுக்கிட்டு இருக்கு', 'எனக்கு வேணும்கிட்டு இருக்கு' என்று வராது. அப்படியானால் 'நோ', 'வான்ட்' இரண்டிலும் 'இங்' வேண்டாம். தெரியும், வேணும், பிடிக்கும் மூன்றுக்கும் இது பொருந்தும். 'வச்சிருக்கேன்' மட்டும் இந்தச் சோதனையில் ஏமாற்றும். சொந்தமாக இருப்பதைச் சொன்னால் 'ஹேவ்', 'ஹேஸ்' என்று அதைத் தனியாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 'வி ஆர் ஹேவிங் லஞ்ச்' சரிதான், அங்கே 'ஹேவிங்' சாப்பிடுவதைக் குறிக்கிறது.

'சின்ஸ் ட்வென்டி இயர்ஸ்'. தமிழே இதற்கு வழி காட்டுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 'இருபது வருஷமா', 'ரெண்டு நாளா', 'ஒரு மணி நேரமா': கடைசியில் 'ஆ' வந்தால் ஆங்கிலத்தில் 'ஃபார்'. 'காலையிலேருந்து', 'திங்கட்கிழமையிலேருந்து', '2021-லேருந்து': 'இருந்து' வந்தால் 'சின்ஸ்'. இதற்கு மேல் விதி தேவையில்லை. வினையை மட்டும் மாற்ற வேண்டும். தமிழில் 'இருபது வருஷமா பண்றாரு' என்று நிகழ்காலம் போதும். ஆங்கிலம் தொடக்கத்தையும் இன்றையும் சேர்த்துக் கேட்கும்: 'ஹி ஹேஸ் பீன் டூயிங் திஸ் வொர்க் ஃபார் ட்வென்டி இயர்ஸ்'.

'ஃபிஷ் ப்ரைஸ் வெரி ஹை'. 'மீன் விலை ரொம்ப அதிகம்' என்பது தமிழில் வினையே இல்லாத முழு வாக்கியம். ஆங்கிலத்தில் 'இஸ்' இல்லாமல் அது நிற்காது. 'ஹி கோ' என்பதில் 's' விழுந்துவிட்டது. இதைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம், பின்னால் சொல்கிறேன்.

கதை சொல்லும்போது வரும் பெரிய சிக்கல்

அந்தத் தம்பியின் முதல் வரியை வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன். 'யெஸ்டர்டே ஐ கெட் அப் லேட்.' யெஸ்டர்டே என்று சொன்னவனுக்கு 'காட் அப்' தெரியாமலா போனது? நன்றாகத் தெரியும். ஆனால் தமிழில் நாம் ஒரு நாளை எப்படிச் சொல்கிறோம் என்று பாருங்கள். "காலையில எழுந்து, டீ குடிச்சிட்டு, தேரடிக்கு நடந்து போய், மெட்ரோ புடிச்சு, காலேஜுக்கு வந்தேன்." ஐந்து வேலை, ஆனால் யார் செய்தது என்பதும் எந்தக் காலம் என்பதும் கடைசி 'வந்தேன்'-இல் மட்டும். முன்னால் வரும் எழுந்து, குடிச்சு, நடந்து, புடிச்சு எல்லாம் வினையெச்சங்கள். அவை நாளைக்கும் பொருந்தும்: 'எழுந்து, குடிச்சிட்டு, நடந்து போய், புடிச்சு, வருவேன்'. முடிக்கும் இடத்தில் காலத்தைச் சொன்னால் போதும் என்பது நம் மொழியின் பழக்கம், அழகும்கூட.

ஆங்கிலத்தில் நாம் இப்படிக் கதை சொல்லும்போது ஒவ்வொரு வேலையும் தன் காலத்தைத் தானே சுமக்க வேண்டும். 'ஐ காட் அப், ட்ரேங்க் டீ, வாக்ட் டு தேரடி, டுக் த மெட்ரோ அண்ட் கேம் டு காலேஜ்.' நம் மனதில் காலம் கடைசிக்காகக் காத்திருப்பதால் முன்னால் வரும் வினைகளெல்லாம் 'கெட்', 'ட்ரிங்க்', 'வாக்' என்று வெறுமனே வந்துவிடுகின்றன. சிலருக்கு 'கெட்டிங் அப், ட்ரிங்கிங் டீ' என்று 'இங்' ஒட்டிக்கொண்டு வரும். என் அனுபவத்தில், சரளமாகப் பேசத் தொடங்கிவிட்டவர்களிடமும் கடைசிவரை நிற்கும் தப்பு இதுதான்.

இதற்கு வழி, சங்கிலியை வெட்டுவது. 'எழுந்தேன். டீ குடிச்சேன். நடந்தேன். மெட்ரோ புடிச்சேன்.' முதலில் தமிழிலேயே இப்படி முற்றாக முடியும் வாக்கியங்களாகச் சொல்லிப் பாருங்கள். சின்னப் பிள்ளை பேச்சு மாதிரி இருக்கும், பரவாயில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில். இரண்டு வாரம் போனபின் 'அண்ட்', 'தென்', 'ஆஃப்டர் தட்' போட்டுச் சேர்க்கலாம்.

இதன் பக்கத்திலேயே இன்னொன்று. 'நேத்து பாரிமுனைக்குப் போயிருந்தேன்' என்பதிலிருந்து 'யெஸ்டர்டே ஐ ஹேட் கான் டு பாரிஸ் கார்னர்' வருகிறது. வெறும் 'ஐ வென்ட்' போதும். அதற்குப் பின்னால் நடந்த வேறொன்றைச் சேர்த்துச் சொல்லும்போதுதான் 'ஹேட் கான்' வேண்டும்.

கேள்வி கேட்பது

எம்.சி. ரோட்டுத் தங்கையின் கடைக்கு வெளி மாநிலத்துக்காரர்கள் நிறைய வருகிறார்கள். "விச் கலர் யூ வான்ட்? வாட் யூ ஆர் லுக்கிங் ஃபார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தமிழில் 'நீங்க என்ன பாக்கறீங்க?' என்று கேட்க வார்த்தைகள் இடம் மாற வேண்டியதில்லை, அந்தப் பழக்கம்தான். அவளிடம் விதி எதையும் சொல்லவில்லை. ஒரு நாளில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை எழுதச் சொன்னேன். ஐந்துதான் வந்தது. 'வாட் ஆர் யூ லுக்கிங் ஃபார்?', 'விச் கலர் டு யூ வான்ட்?', 'வாட் சைஸ் டு யூ நீட்?', 'ஹௌ மெனி டு யூ வான்ட்?', 'வுட் யூ லைக் டு ட்ரை இட்?' இந்த ஐந்தையும் ஃபோன் நம்பர் மாதிரி முழுசாக மனப்பாடம் செய்தாள். ஒரு வாரத்தில் கவுன்டரில் தானாக வந்தது. உங்கள் வேலையில் எந்த ஐந்து கேள்வி என்று நீங்கள் எழுதிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. இது பழகியதும் 'ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி' என்று எல்லா இடத்திலும் திருப்பிப் போடத் தோன்றும். ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிய கேள்வியில் நம் தமிழ் வரிசை மாதிரியே 'வேர் ஹி இஸ்' என்று இருக்கட்டும்.

இன்னும் சில, சுருக்கமாக

'அவங்க' என்று மரியாதையாகச் சொல்லிப் பழகியதால் அம்மாவைப் பற்றிப் பேசும்போது 'ஹி' வந்துவிடும், அல்லது 'மை ஃபாதர் ஆர்' என்று பன்மை வந்துவிடும். ஆங்கிலத்தில் மரியாதை வினையில் இல்லை. அப்பா 'ஹி இஸ்', அம்மா 'ஷி இஸ்'. அவமரியாதை ஆகிவிடுமோ என்ற தயக்கம் நம் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே இருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன்.

'வீட்டுக்கு'-இல் 'க்கு' இருப்பதால் 'கோயிங் டு ஹோம்'. 'கோயிங் ஹோம்' போதும். 'அதைப் பத்திப் பேசினோம்' என்பதால் 'டிஸ்கஸ்ட் அபௌட் இட்'. 'டிஸ்கஸ்ட் இட்' போதும். 'என் ஃப்ரெண்டு ஒருத்தன்' என்பதால் 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்'. அங்கே 'ஃப்ரெண்ட்ஸ்' வேண்டும், பல பேரில் ஒருவன் என்பதால்.

'தான்' என்பதற்கு 'ஒன்லி' போடுவதில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. 'நான்தான் அவர்கிட்ட சொன்னேன்' என்று நினைத்து 'ஐ ஒன்லி டோல்ட் ஹிம்' என்றால், வெளியூர்க்காரர் காதில் 'சும்மா சொல்லத்தான் செய்தேன், வேறொன்றும் செய்யவில்லை' என்று விழலாம். 'ஐ வாஸ் த ஒன் ஹூ டோல்ட் ஹிம்' என்று சொல்லுங்கள். 'இப்பத்தான் வந்தேன்' என்றால் 'ஐ ஜஸ்ட் கேம்'. நமக்குள் பேசும்போது 'டுடே ஒன்லி' என்று வந்தால் நான் திருத்துவதில்லை. இன்டர்வியூவில் தவிர்க்கச் சொல்வேன்.

மூன்றாம் படி: வாரத்துக்கு ஒன்றே ஒன்று

எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்தப் பார்த்தால் வாய் அடைத்துவிடும். அர்த்தத்தைக் குழப்பும் தப்பை முதலில் எடுங்கள்: கடந்த காலம், 'டிட்', கேள்வி. அப்புறம் 'ஃபார்', 'சின்ஸ்', 'இஸ்'. 'ஹி கோஸ்' என்பதன் 's', 'எ', 'த' எல்லாம் கடைசியில். அவை இல்லாவிட்டாலும் பேச்சு புரியும், தவிர அவை மெதுவாகத்தான் படியும். முதல் மாதத்திலேயே 'த' எங்கே வரும் என்று மண்டையை உடைத்துக்கொள்வது வீண் என்பது என் முடிவு.

எடுத்த ஒன்றுக்கு உங்கள் வாழ்க்கையிலிருந்தே பத்து வாக்கியம் உண்டாக்குங்கள். 'ராமா ஈட்ஸ் எ மேங்கோ' வகை வேண்டாம். 'ஐ டிட் நாட் கெட் த பஸ்.' 'வாட்டர் லாரி டிட் நாட் கம்.' 'மை சிஸ்டர் டிட் நாட் கால் மீ.' உரக்கச் சொல்லுங்கள், ஒரு நாளைக்கு மூன்று தடவை. 2021-இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்ததிலிருந்து எங்கள் ஆட்கள் சிலர் ரயில் ஏறியதும் மனசுக்குள் தொடங்கிவிடுகிறார்கள். வண்ணாரப்பேட்டை வருவதற்குள் பத்தும் இரண்டு சுற்று முடிந்துவிடும்.

நான்காம் படி: ஒரு துணை

தனியாகச் சொல்லிப் பழகியது எதிரில் ஆள் வந்தால் ஓடிவிடும். அதனால் ஒருவரைப் பிடியுங்கள். "அக்கா, இந்த வாரம் நான் 'டிட்' மட்டும்தான் பாக்கறேன், மத்ததை விட்டுடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் பேசும்போது அவர் குறுக்கிடக் கூடாது. அந்த ஒரு தப்பு வந்தால் விரலால் தரையில் ஒரு தட்டு தட்டினால் போதும். பேசி முடித்தபின் மட்டுமே பேச்சு. பெரம்பூர்ப் பக்கம் ரயில்வே வேலைக்கு வந்து தங்கிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் ஆங்கிலமே வீட்டுமொழி. அங்கே உங்களுக்குப் பழக்கம் இருந்தால், ஒரு பெரியவரிடம் வாரத்துக்கு அரைமணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள். திருத்தச் சொல்ல வேண்டாம், அவர் ஒரு பழைய கதையைச் சொல்லும்போது வினைகள் எப்படி விழுகின்றன என்று காது கொடுங்கள்.

ஐந்தாம் படி: தப்பு வந்தபின் என்ன செய்வது

என் இருபத்திரண்டாவது வயதில் பாரிமுனையில் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் இன்டர்வியூ. உன்னைப் பற்றிச் சொல் என்றார்கள். "ஐ ஆம் கம் ஃப்ரம்" என்று தொடங்கினேன். வாயைவிட்டு வந்ததும் தப்பு என்று தெரிந்தது. நிறுத்தினேன். சரியான வாக்கியத்தைத் தேடினேன். 'ஐ ஆம்' போட்டால் 'ஃப்ரம்' மட்டும், 'ஐ கம்' என்றால் 'ஆம்' கூடாது என்று மனசுக்குள் ஓடியது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் காத்திருந்துவிட்டு ஃபைலைப் பார்க்கத் தொடங்கினார். அந்த மௌனத்துக்குப் பிறகு என்னால் எதையும் தொடர முடியவில்லை. 'ஆம் கம்' என்பதை அவர் கவனித்தாரோ இல்லையோ, நான் நின்றுபோனதைக் கவனித்தார்.

அதனால் இதை நான் எல்லோருக்கும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொடுக்கிறேன். தப்பு தெரிந்தால், தப்பான பகுதியை மட்டும் சரியாக ஒருமுறை சொல்லிவிட்டு மேலே போங்கள். "ஐ டிட் நாட் வென்ட், டிட் நாட் கோ, பிகாஸ் ஐ வாஸ் சிக்." தேவைப்பட்டால் இடையில் 'ஸாரி, ஐ மீன்'. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்களும் இப்படித்தான் தங்களைத் திருத்திக்கொள்கிறார்கள். நாலைந்து வார்த்தை தாண்டியபின் தெரிந்தால் திரும்பவே வேண்டாம். யோசிக்க நேரம் வேண்டுமானால் மௌனமாக நிற்காமல் 'லெட் மீ திங்க்' என்று சொல்லுங்கள்; அது மூன்று விநாடி தரும். இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் 'மைசெல்ஃப்' என்று தொடங்க வேண்டாம். 'ஐ ஆம்' என்று பெயர், 'ஐ ஆம் ஃப்ரம்' என்று ஊர். இந்த இரண்டையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும் அளவுக்குச் சொல்லி வையுங்கள்.

ஆறாம் படி: மறுபடியும் அதே இரண்டு நிமிஷம்

ஐந்து வாரம் கழித்து அதே தலைப்பில் மறுபடியும் ரெக்கார்ட் செய்யுங்கள். பழைய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள். காசிமேட்டுத் தம்பி எழுதியது:

"யெஸ்டர்டே ஐ காட் அப் லேட். மை ஃபாதர் ஹேஸ் ஃபைபர் போட். டெய்லி ஹி கோ ஏர்லி மார்னிங். ஐ டிட் நாட் வென்ட், ஸாரி, டிட் நாட் கோ வித் ஹிம். ஹி ஹேஸ் பீன் டூயிங் திஸ் வொர்க் ஃபார் ட்வென்டி இயர்ஸ். ஃபிஷ் ப்ரைஸ் வெரி ஹை."

இரண்டு பக்கத்தையும் அவனே ஒப்பிட்டு, சரியானதையெல்லாம் பச்சை ஸ்கெட்ச்சால் அடிக்கோடிட்டான். 'ஸாரி'க்கும் சேர்த்துக் கோடு போடச் சொன்னேன். "கடைசி வரி அப்படியே இருக்குண்ணா" என்றான். அடுத்த வாரத்துக்கு 'இஸ்' என்று பக்கத்தின் மேலே எழுதிக்கொண்டான்.